ஜார்ஜ்டவுன் தமிழ் நடைச்சுற்றுலா: பாதைக்கு முழு மதிப்பெண், கதைக்குப் பாதி

பினாங்குத் தீவில், கார்ன்வாலிஸ் கோட்டையில் தொடங்கிப் பழைய கல்லறைத் தோட்டம்வரை போகும் இந்த நடையில் விளக்கம் முழுவதும் தமிழில். பாதைத் தேர்வு அருமை. ஆனால் முதல் கால் மணி நேரத்தைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். வழிகாட்டி சொல்வது இது: கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆள் பிரான்சிஸ் லைட் வந்தபோது தீவு வெறுங்காடாம், பீரங்கியில் வெள்ளிக்காசைப் போட்டுச் சுட்டாராம், காசு பொறுக்கப்போனவர்கள் காட்டை அழித்தார்களாம்!

காசு பறந்ததோ இல்லையோ, தீவு அக்கரை மலாய் அரசான கெடாவின் சுல்தானுடையது. மலாய்க்காரர்கள் முன்பே குடியிருந்தார்கள். சியாமுக்கு (இன்றைய தாய்லாந்து) எதிராகப் படைத்துணை கிடைக்கும் என்று நம்பியே சுல்தான் அப்துல்லா இடம் கொடுத்தார். 1786 ஆகஸ்டு 11-இல் லைட் கொடியேற்றினார்; கம்பெனியோ துணைக்கு வராமல் கைவிரித்தது. 1791-இல் தீவை மீட்கப் படை திரட்டிய சுல்தான் தோற்று, ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலருக்கு ஒப்புக்கொண்டார். கதையின் உயிரே இதுதான். வழிகாட்டி ஒரே வரியில் தாண்டிவிடுகிறார். நிறுத்திக் கேளுங்கள், சொல்லத் தெரிந்தவர்தான்.

லைட் சிலையை நன்றாக விளக்குகிறார். முகம் லைட்டுடையது அல்ல. அவருடைய படம் கிடைக்காததால் மகன் வில்லியமின் சாயலில் வடித்தார்கள். கோட்டையில் நிற்கும் சிறீ ரம்பைப் பீரங்கியும் லைட் காலத்துக் காவல் அல்ல. 1603-இல் வார்த்த டச்சுப் பீரங்கி. ஆங்கிலேயர் 1871-இல் சிலாங்கூரில் கைப்பற்றியது. குழந்தை வரம் வேண்டி அதன் வாயில் பூ வைப்பது தனிக் கதை.

சறுக்குவது சோழரிடம். கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் உள்ள சண்டிகளை (பழங்கால இந்து, பௌத்தக் கோயில்களை) எல்லாம் இராசேந்திரன் கட்டியதாகச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார். அவனுடைய கடாரப் (கெடா) படையெடுப்பு 1025-இல். பினாங்குக்கு எதிர்க்கரையான செபராங் பிறையில் கிடைத்த மாநாவிகன் (கப்பல் தலைவன்) புத்தகுப்தனின் கல்வெட்டோ 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சோழர் கப்பல் வருவதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே இங்கே வணிகமும் வழிபாடும் நடந்திருக்கின்றன. நமக்குப் பெருமை வேண்டுமென்றால் அந்த நீண்ட கடல்வழியே போதும்.

கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801-இல் தொடங்கியது, ஆனால் இன்றைய குவிமாடங்கள் பிற்கால விரிவாக்கம். உள்ளே போக முழங்கால் மறையும் உடை வேண்டும். குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் நடை நண்பகலில் சாத்திவிடுவார்கள். கோட்டையில் நேரம் போனால் கோயிலை வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். காலைக் குழுவில் சேருவதே நல்லது, தொப்பியும் தண்ணீரும் அவசியம்.

கல்லறைத் தோட்டத்தில் கொசு மருந்து பூசிக்கொள்ளுங்கள். லைட் 1794-இல் இறந்ததே மலேரியாவில்தான்.