கருப்பை நுண்ணுயிர்ச் சோதனை என்று சொல்லி 18,400 ரூபாய்: எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்கள் கவனத்துக்கு

"உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது. பணத்தைத் திருப்பித் தர இயலாது" என்று நேற்று மாலை மின்னஞ்சல் வந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. போனது 18,400 ரூபாய். பெண்களுக்கான சோதனைப் பெட்டிகளை வீட்டுக்கே அனுப்புகிறோம் என்று கைப்பேசியில் ஓயாமல் விளம்பரம் செய்கிற இணையதளங்களில் ஒன்றில்தான் அதைக் கட்டினேன். பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று வீட்டில் பயப்படுவதால் போடவில்லை. எப்படிப் பேசுகிறார்கள், எந்த இடத்தில் விழ வைக்கிறார்கள் என்பதை எழுதுகிறேன். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

எனக்கு எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்சுவரைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளருகிற நோய். கருவுறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எனக்கு இடது சினைப்பையில் சாக்லேட் கட்டி, அதாவது பழைய ரத்தம் தேங்கிய கட்டி. பள்ளி நாட்களிலிருந்தே அந்த நாட்களில் சுருண்டு படுத்துவிடுவேன். "எல்லாருக்கும் வருவதுதானே", "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்", "ஒரு பிள்ளை பெற்றுக்கொள், போய்விடும்" என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள் நான்.

விளம்பரத்தில் எண்ணைக் கொடுத்த அன்றே ஒரு பெண் அழைத்தாள். ஆலோசகராம். எடுத்த எடுப்பில் விலையைப் பேசவில்லை. "அக்கா, உங்கள் வலி பொய்யில்லை. இத்தனை வருடம் எப்படித்தான் பொறுத்தீர்களோ?" என்றாள். மலம் கழிக்கும்போது வலிக்குமா, கணவரோடு சேரும்போது வலிக்குமா, முதுகில் இறங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எந்த மருத்துவமனையிலும் என்னிடம் யாரும் இப்படி உட்கார்ந்து கேட்டதில்லை. மாமியார் காதில் விழக்கூடாதென்று மொட்டை மாடிக்குப் போய்ப் பேசினேன். பேச்சின் நடுவே அழுதேன். நான் முடிக்கும்வரை அவள் பேசாமல் காத்திருந்தாள். அதுவும் பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததுதான் என்று இப்போது தோன்றுகிறது.

அழுகை ஓய்ந்ததும் வலை விரிந்தது. "ஜப்பானில் காரணத்தையே கண்டுபிடித்துவிட்டார்கள் அக்கா. கருப்பையில் இருக்கிற ஒரு கெட்ட பாக்டீரியா. உங்களுக்கு இருக்கிறதா என்று நாங்கள் பார்த்துச் சொல்வோம்" என்று ஒரு செய்தியையும் அனுப்பினாள். முழுப் பொய்யாக இருந்திருந்தால் அப்போதே தொடர்பைத் துண்டித்திருப்பேன். செய்தி உண்மை. 2023-ல் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 155 பெண்களைப் பரிசோதித்தார்கள். எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களில் 64 சதவீதம் பேருக்குக் கருப்பையின் உட்சுவரில் ஃபியூசோபாக்டீரியம் என்ற கிருமி இருந்தது. நோய் இல்லாதவர்களில் 10 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே இருந்தது. அந்தக் கிருமியைச் செலுத்திய எலிகளுக்குப் புண்கள் பெருகின. ஆன்டிபயாடிக் கொடுத்தபோது குறைந்தன. இதிலிருந்து என் 18,400 ரூபாய்க்கு எப்படிப் பாலம் போட்டார்கள் என்பதுதான் சாமர்த்தியம். சோதனைக்கு 11,900, அதன் பிறகு "உங்களுக்கென்றே தயாரித்த" காப்ஸ்யூலுக்கு 6,500.

பெட்டி வந்தது. ஊதாக் காகிதம் சுற்றிய ஒரு பஞ்சுக்குச்சி, திரவம் நிரம்பிய சிறு குழாய், ஒரு படிவம், முகவரி ஒட்டிய கூரியர் உறை. மாதவிடாய் முடிந்து எத்தனை நாளாயிற்று, அண்மையில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்களா என்றெல்லாம் படிவத்தில் ஒரு கேள்விகூட இல்லை. இன்ஸ்டாகிராம் பெயரைக் கேட்டிருந்தார்கள். யோனியில் குச்சியைச் சுழற்றி எடுத்து, கொளுத்தும் வெயிலில் கூரியரில் அனுப்பினேன்.

அறிக்கை 22 பக்கம். வண்ண வட்டங்கள், சிவப்பு அம்புக்குறிகள். "லாக்டோபேசில்லஸ் (யோனியில் இருக்கிற நல்ல கிருமி) ஆபத்தான அளவுக்குக் குறைவு", "எண்டோமெட்ரியோசிஸ் குறியீடு 78/100", "கருப்பைச் சூழல்: மோசம்". அந்தப் பெண் மறுபடி அழைத்தாள். என் மருத்துவர் கொடுத்த ஹார்மோன் மாத்திரை நல்ல கிருமிகளைக் கெடுக்கிறதாம், அதை நிறுத்திவிட்டுக் காப்ஸ்யூலை மட்டும் சாப்பிட வேண்டுமாம். நம்பி நிறுத்தினேன். அடுத்து வந்த மாதவிடாயில் அலுவலகக் கழிப்பறையிலிருந்து என்னைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள்.

என் மருத்துவர் அறிக்கையைப் புரட்டிவிட்டு, "இதில் கருப்பை எங்கே வந்தது?" என்றார். எடுத்தது யோனியிலிருந்து. அங்கே கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கும். கருப்பைக்குள் மிக மிகக் குறைவு. வாசல் கோலத்தைப் பார்த்துவிட்டு அடுக்களையில் என்ன குழம்பு என்று சொல்வது போல என்றார். 2017-ல் சீனாவில் 110 பெண்களின் இனப்பெருக்கப் பாதையில் ஆறு இடங்களில் மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். கருக்குழாய், வயிற்றறைத் திரவம் போன்றவற்றின் மாதிரிகள் அறுவைச் சிகிச்சையின்போது எடுத்தவை. மேலே போகப்போகக் கிருமிகளின் கலவையே மாறுகிறது. லாக்டோபேசில்லஸ் குறைவு என்ற பயமுறுத்தலும் அப்படித்தான். 2011-ல் அமெரிக்காவில் நோய்க்குறி எதுவும் இல்லாத 396 பெண்களைப் பார்த்ததில், நான்கில் ஒருவருக்கும் மேல் லாக்டோபேசில்லஸ் ஆதிக்கமே இல்லை. மாதவிடாய், உடலுறவு, ஆன்டிபயாடிக் எல்லாமே அந்த அளவை மாற்றும். ரத்தத்திலோ கருப்பைத் திரவத்திலோ உள்ள நோய் அடையாளப் பொருட்களை அளந்து எண்டோமெட்ரியோசிஸைக் கண்டறிய வேண்டாம் என்று மனித இனப்பெருக்கத்துக்கான ஐரோப்பியச் சங்கம் 2022 வழிகாட்டுதலிலேயே சொல்லிவிட்டது.

வீட்டுக்கு வந்து 22 பக்கத்தையும் வரிவரியாகப் படித்தேன். எந்தக் கிருமியின் பெயரைச் சொல்லி என்னை மடக்கினார்களோ, அந்த ஃபியூசோபாக்டீரியம் அறிக்கையில் ஓரிடத்தில்கூட இல்லை. இருக்கிறது என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. இன்னொன்று: "மாதிரி பெறப்பட்ட நாள்" வியாழன் என்று போட்டிருந்தார்கள். கூரியர் ரசீதின்படி உறை அவர்களிடம் போய்ச் சேர்ந்தது சனிக்கிழமை. அப்படியென்றால் வியாழனன்று யாருடைய மாதிரியைச் சோதித்தார்கள்?

கேட்டேன். முதலில் "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று தானியங்கிப் பதில். பிறகு "அது அச்சுப் பிழை". பிறகு "ஆய்வகப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம்". ஆய்வகத்தின் பெயரைக் கேட்டால் "வணிக ரகசியம்". என்னை அக்கா என்று அழைத்தவளின் எண்ணுக்கு அடித்தால் மணி அடிக்கிறது, எடுப்பதில்லை. வேறு எண்ணிலிருந்து அடித்தபோது எடுத்து, குரல் கேட்டதும் வைத்துவிட்டாள். மேலாளர் என்று பேசியவர், "மேடம், இது நோயறியும் சோதனை அல்ல, நலவாழ்வுத் தகவல் மட்டுமே. நிபந்தனைகளில் இருக்கிறதே" என்றார். இருக்கிறதுதான், கடைசிப் பக்கத்தின் அடியில், சாம்பல் நிறத்தில், எறும்பு அளவு எழுத்தில். மாத்திரையை நிறுத்தச் சொன்னது எந்த நலவாழ்வுத் தகவல் என்று கேட்டேன். "எங்கள் ஆலோசகர்கள் மருத்துவ ஆலோசனை வழங்குவதில்லை" என்று தயங்காமல் சொன்னார். காப்ஸ்யூல் புட்டியிலோ "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்றே அச்சிட்டிருக்கிறது. 6,500 ரூபாய்! மொத்தம் 18,400! என் சம்பளத்தில் அது எத்தனை பெரிய துண்டு என்று எனக்குத்தான் தெரியும்.

இந்த ஆராய்ச்சியே வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நகோயாவில் நடப்பது எனக்கும் நம்பிக்கை தருகிறது. அந்த நம்பிக்கையைத்தான் இவர்கள் பெட்டியில் போட்டு விற்கிறார்கள்.

விரிவாகச் சொல்வதாக எழுதியிருந்தேன். இருக்கிற ஆத்திரத்தில் வரிசையாக எழுத வரவில்லை. ஆய்வகத்தின் பெயரும் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தருகிற தேசிய வாரியம்) அங்கீகார எண்ணும் கேளுங்கள், சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். மருத்துவர் கொடுத்த மாத்திரையை தொலைபேசியில் யார் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் புகார் பதிந்துவிட்டேன். அரட்டையில் பேசியதையெல்லாம் அன்றன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நிறுவனத்திடம் கொடுத்த புகாரை அவர்கள் மூடியதும் அரட்டைப் பெட்டி முழுவதும் காலியாகிவிடுகிறது. கூரியர் ரசீது மட்டும் என்னிடம் இருக்கிறது.