பாக்கெட் வெட்டும் பிளேடுக்கு லினக்ஸா, ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸா?

தண்டையார்பேட்டையில் மசாலா பாக்கெட் போடும் ஒரு சின்ன யூனிட்டுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். பிலிம் ரோலில் அச்சாகியிருக்கும் கறுப்புக் குறியை சென்சார் பார்த்ததும் பிளேடு இறங்க வேண்டும். முதலில் ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கணினியில் சாதாரண லினக்ஸ் போட்டு ஓட்டினேன். "தம்பி, நூறு பாக்கெட் ஒழுங்கா வருது, திடீர்னு ஒண்ணு பேர் மேலயே வெட்டுது" என்றார் மெஷின் ஓட்டும் அண்ணன்.

நிரல் எடுத்த நேரத்தைக் காட்டும் டைம் கட்டளை கொடுத்துப் பார்த்தால் யூசர் டைம் கொஞ்சம்தான். பிராசசர் பெரும்பாலும் சும்மாவே இருக்கிறது, பிறகு ஏன் தாமதம்? நான் தவறவிட்டது இங்கேதான். யூசர் டைம் நம் நிரல் பிராசசரில் ஓடிய நேரத்தின் கூட்டுத்தொகை. லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் நமக்காகச் செய்த வேலை சிஸ்டம் டைமில் சேரும். நம் முறைக்காகக் காத்திருந்த நேரம் இரண்டிலுமே வராது. பிளேடுக்கோ அந்தக் காத்திருப்புதான் எல்லாமே. பிலிம் நொடிக்கு 200 மில்லிமீட்டர் ஓடுகிறது. 20 மில்லிசெகண்ட் தாமதித்தால் வெட்டு 4 மில்லிமீட்டர் தள்ளி விழும்.

மாற்று வழி இரண்டு. அதே ராஸ்பெர்ரி பையில் ப்ரீயெம்ப்ட் ஆர்டி கர்னல் (அவசர வேலைக்கு உடனே வழிவிடும் லினக்ஸ்), அல்லது எஸ்டிஎம்32 என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் ஃப்ரீஆர்டிஓஎஸ் (நேரம் தவறக் கூடாத வேலைகளுக்கான சின்ன இயங்குதளம்). எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனால் இரண்டு போர்டும் கிடைக்கும், விலையை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

லினக்ஸ் வழி சுலபம். 2024 நவம்பரில் வந்த 6.12 பதிப்பிலிருந்து ஆர்டி வசதி முதன்மைக் கர்னலிலேயே இருக்கிறது, தனியாக பேட்ச் போட வேண்டாம். நிரலுக்கு ஃபிஃபோ என்ற உயர் முன்னுரிமை கொடுத்து, அதன் நினைவகம் டிஸ்க்குக்குப் போகாமல் பூட்டி, தாமதத்தை அளக்கும் சைக்ளிக்டெஸ்டை ஒரு ராத்திரி முழுக்க ஓட விட்டேன். அதிகபட்சத் தாமதம் 200 மைக்ரோசெகண்டைத் தாண்டவில்லை. பிலிமில் அது 0.04 மில்லிமீட்டர், தாராளமாகப் போதும்.

ஆனாலும் ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸைத்தான் எடுத்தேன். அளந்து கிடைத்த உச்சம், அன்று ராத்திரி வரை பார்த்த உச்சம் மட்டுமே. நாளைக்கு யாராவது பென்டிரைவ் செருகினால், வேறு டிரைவர் ஏறினால் என்ன ஆகும் என்று அந்த எண் சொல்லாது. எஸ்டிஎம்32எஃப்103 சிப்பில் எண்ணியே சொல்லலாம். கடிகாரம் 72 மெகாஹெர்ட்ஸ். குறி வந்ததும், ஓடும் வேலையை நிறுத்தி நம் வேலைக்குத் தாவும் இன்டரப்டுக்குள் நுழைய அடிப்படையில் 12 கடிகாரச் சுழற்சி. நிரல் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்துக்கான காத்திருப்பு சேர்ந்தாலும் ஒரு மைக்ரோசெகண்டுக்குள் அடங்கிவிடும். சென்சார் இன்டரப்டை ஃப்ரீஆர்டிஓஎஸ் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் முன்னுரிமை எல்லைக்கு மேல் வைத்துவிட்டால், அதன் கர்னலே நினைத்தாலும் தள்ளிப்போட முடியாது. அதற்குள்ளிருந்து ஃப்ரீஆர்டிஓஎஸ் ஃபங்ஷன் எதையும் அழைக்கக் கூடாது, அவ்வளவுதான். பிளேடை இறக்கும் சிப்பின் பின்னில் சிக்னலை ஏற்றிவிட்டு வெளியே வந்துவிடுகிறேன். எண்ணிக்கை, திரை எல்லாம் பழைய ராஸ்பெர்ரி பையிலேயே ஓடுகின்றன.

எட்டு மாதமாகப் பெயர் மேல் வெட்டு விழவில்லை. ஆனால் ஒரே மெஷின், ஒரே வேகம், என் அனுபவம் அந்த அளவுதான். கேமரா வைத்துப் படம் பார்த்து வெட்டும் வேலையாக இருந்தால் யோசிக்காமல் ஆர்டி லினக்ஸுக்கே போயிருப்பேன், இந்தச் சிப்பின் 20 கேபி ராமில் அது நடக்காது. இன்னொரு கஷ்டமும் உண்டு. ராஸ்பெர்ரி பையில் திருத்தம் என்றால் வீட்டிலிருந்தே போட்டுவிடலாம். இந்த போர்டுக்கு நான் அப்படி வழி எதுவும் வைக்கவில்லை. ஒரு வரி மாற்றவும் லேப்டாப்போடு திருவொற்றியூரிலிருந்து கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டி ஓட்டிப் போக வேண்டும். இதுவரை இரண்டு முறை போயிருக்கிறேன்.