வளையல் மாதிரி இருக்க வேண்டிய பந்து: டர்பனில் நான்கு வருட பவுலிங் அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நான்கு வருடமாக வியாழக்கிழமைதோறும் டென்பின் பவுலிங் ஆடுகிறேன். விரல் விட்டுப் பிடிக்கத் துளைகள் போட்ட கனமான பந்தை லேன் என்கிற நீளமான தளத்தில் உருட்டி, கடைசியில் நிற்கும் பத்து பின்களை, அதாவது கட்டைகளை, வீழ்த்துகிற ஆட்டம். புதிதாகச் சேர்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எப்போதும் பந்தின் எடையைப் பற்றித்தான். எட்டு பவுண்டா, பத்தா, பன்னிரண்டா? நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அதைவிட முக்கியமானது துளைகளின் அளவும் அவற்றுக்கு இடையே உள்ள தூரமும் என்பது வலி வந்த பிறகுதான் புரிந்தது.

முதல் ஆறு மாதம், அரங்கத்தில் எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கிற பந்துதான். அந்தப் பந்துகளில் ஒரு சிக்கல் உண்டு. எடை குறைந்த பந்தில் துளை சிறியதாக இருக்கும். எடை ஏற ஏற துளையும் பெரிதாகும். எனக்குக் கை சிறியது, விரல் மட்டும் கொஞ்சம் தடிமன். எட்டு பவுண்டில் கட்டைவிரல் மாட்டிக்கொள்ளும், பத்து பவுண்டில் தொளதொளக்கும். தொளதொளத்தால் என்ன செய்வோம்? கையைப் பின்னால் வீசும்போது பந்து விழுந்துவிடுமோ என்று பயந்து இறுக்கிப் பிடிப்போம். இறுக்கிப் பிடித்தால் கட்டைவிரல் நேரத்துக்கு வெளியே வராது. பந்து தாமதமாகக் கழன்று லேனில் தொப்பென்று விழும், இல்லையென்றால் லேனின் இடப்பக்க ஓரத்துக் கால்வாய்க்குள், கட்டருக்குப் போகும். "இறுக்கிப் பிடிக்காதே" என்று எல்லோரும் சொன்னார்கள். தொளதொளக்கிற துளையை வைத்துக்கொண்டு எப்படி இறுக்காமல் பிடிப்பது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

பிறகு சொந்தமாக ஒரு பதினோரு பவுண்டு பிளாஸ்டிக் பந்து வாங்கினேன். வாங்கிய கடையிலேயே, நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் ஃபிங்கர்டிப் பிடிதான் பிடிக்கிறார்கள் என்று சொல்லி அப்படியே துளைத்துக் கொடுத்துவிட்டார்கள். அரங்கத்துப் பந்துகளில் இருக்கிற வழக்கமான பிடியில், அதாவது கன்வென்ஷனலில், நடுவிரலும் மோதிர விரலும் இரண்டாவது கணு வரை உள்ளே போகும். ஃபிங்கர்டிப்பில் முதல் கணு வரைதான். அதனால் கட்டைவிரல் துளைக்கும் விரல் துளைகளுக்கும் நடுவில் தூரம் அதிகம் வேண்டும். இந்தத் தூரத்தை ஸ்பான் என்பார்கள். எனக்கு அந்த ஸ்பான் தேவைக்கு மேல் நீண்டுவிட்டது. பந்தைத் தூக்கினாலே உள்ளங்கை விரிந்து இழுபடும். மூன்றே மாதத்தில் கட்டைவிரல் அடியிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு வலி. தோசை திருப்பினால்கூட சுரீர் என்றது. மூன்று வாரம் ஆடக்கூடாது என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிவிட்டார்.

எங்கள் குழுவில் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியம்மா இருக்கிறார். டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்காரர், 1860க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்த குடும்பம். கோயிலில் தேவாரம் பாடுவார், பேச்செல்லாம் ஆங்கிலம், நடுவில் இரண்டு மூன்று தமிழ் வார்த்தை வரும். என் கையைத் திருப்பிப் பார்த்தவர், "கண்ணு, பந்து ஓகே. ஓட்டைதான் சரியில்ல" என்றார். வேறொரு இடத்தில் துளைத்துத் தருகிற ஒரு அண்ணாவிடம் அவரே கூட்டிக்கொண்டு போனார்.

அந்த அண்ணா துளைக்கும் மெஷின் பக்கமே உடனே போகவில்லை. முதலில் அரை மணி நேரம் என் கையை அளந்தார். விதவிதமான துளைகள் போட்ட அளவுப் பந்து ஒன்றை எடுத்து, கட்டைவிரலை அடிவரை உள்ளே விடச் சொன்னார். மற்ற இரண்டு விரல்களையும் துளைக்குள் விடாமல் அவற்றின் மேலேயே படுக்க வைக்கச் சொன்னார். இரண்டாவது கணுவின் மடிப்பு, துளையின் உள்விளிம்பைத் தாண்டிக் கால் அங்குலம் போய் நின்றது. "உனக்குக் கன்வென்ஷனல் ஸ்பான் இதுதான்" என்று பென்சிலால் கோடு போட்டார். அதே பென்சிலை என் உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவே நுழைத்துப் பார்த்தார். சிரமமில்லாமல் போய் வந்தது.

கட்டைவிரலுக்கு இன்னும் நேரம் எடுத்தது. துளைக்குள் விரலைச் சுழற்றச் சொன்னார். சுற்றிலும் தோல் லேசாகப் படவேண்டும், ஆனால் எங்கேயும் பிடிக்கக்கூடாது. எனக்கு ஊரில் வளையல்காரர் கை அளவு பார்ப்பது ஞாபகம் வந்தது. போடும்போது கொஞ்சம் உரச வேண்டும், போட்ட பிறகு கையைத் தொங்கவிட்டால் விழக்கூடாது, கழற்றும்போது சோப்பு கேட்கக்கூடாது. பவுலிங் பந்தின் கட்டைவிரல் துளையும் அச்சு அசல் அப்படித்தான். கடைசியாக, துளையின் விளிம்பைக் கூராக விடாமல் சரித்து இழைத்துத் தந்தார்.

பழைய பந்தைத் தூக்கிப் போட வேண்டியதில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. துளைகளைப் பிசினால் அடைத்து, நன்றாக இறுகிய பிறகு புதிதாகத் துளைக்கலாம்.

அந்தப் பந்தில் இரண்டு வருடத்துக்கு மேல் கன்வென்ஷனலில் ஆடினேன். முதல் நாளே ஒரு வித்தியாசம் தெரிந்தது: பதினோரு பவுண்டு, அரங்கத்து ஒன்பது பவுண்டைவிட லேசாக இருந்தது. கை தானாக ஊஞ்சல் மாதிரி போய் வந்தது. கட்டைவிரல் முதலில் கழன்று, அடுத்த நொடிக்குள் இரண்டு விரலும் பந்தை உருட்டிவிடும் அந்த உணர்வு முதல்முறை கிடைத்தபோது, அறுபது அடி தள்ளி எத்தனை பின் விழுந்தது என்றுகூடப் பார்க்கவில்லை.

போன வருடம் பன்னிரண்டு பவுண்டில் இரண்டாவது பந்து வாங்கி, அதே அண்ணாவிடம் ஃபிங்கர்டிப் துளைத்தேன். விரல் துளைகளில் ரப்பர் உறை ஒட்டியிருக்கிறது. பந்து நன்றாகச் சுழல்கிறது, பின்களை நெருங்கும்போது உள்ளே வளைகிறது, முதல் வீச்சிலேயே பத்து பின்னும் விழுகிற ஸ்ட்ரைக் கூடியிருக்கிறது. ஆனால் முதல் ஒரு மாதம் பிடிமானமே இல்லாத மாதிரி இருந்தது. கை வீச்சு பழகியிருந்ததால் சமாளித்தேன். ஆரம்பத்திலேயே இதில் இறங்கியிருக்கக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூலை பின் ஒன்று மட்டும் நின்றால் இன்றும் பழைய பிளாஸ்டிக் பந்தைத்தான் எடுக்கிறேன். அது வளையாமல் நேராகப் போகும்.

இன்னொன்று. விரல் எல்லா நாளும் ஒரே அளவில் இருப்பதில்லை. பிப்ரவரியில் டர்பன் புழுக்கத்தில் என் கட்டைவிரல் வீங்கிவிடும், ஜூலைக் குளிரில் சுருங்கிவிடும். அதற்குத்தான் துளைக்குள் ஒட்டுகிற டேப். நான் நகம் படும் பக்கத்தில் ஒட்டுகிறேன்: கோடையில் ஒன்று, குளிரில் மூன்று. பையில் ஒரு பாக்கெட் டேப் இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை. புரட்டாசியில் ஆட்டம் முடிந்து எல்லோரும் பீன்ஸ் பன்னி (குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் குழம்பு) சாப்பிட உட்காரும்போதும் டேப் பேச்சுதான் ஓடும்.

கட்டைவிரலே போடாமல் இரண்டு கையால் வீசுகிற பையன்கள் இப்போது நிறைய. ஆஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மோன்டேயைப் பார்த்து வந்த ஆசை. அதுவும் நல்ல முறைதான். அப்படி ஆடப்போகிறவர்கள் கட்டைவிரல் துளை போடாமலே பந்து வாங்குவது நல்லது. அமெரிக்காவில் இந்த ஆட்டத்துக்கு விதி வகுக்கிற அமைப்பான அமெரிக்க பவுலிங் காங்கிரஸ் 2020 ஆகஸ்டிலிருந்து நடைமுறைப்படுத்திய விதிப்படி, பந்தில் இருக்கும் பிடித்துளை எல்லாவற்றிலும் வீசும்போது விரல் இருந்தாக வேண்டும்.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவளும் சொந்தப் பந்து கேட்கிறாள். போன வாரம் அண்ணாவிடம் கூட்டிப்போனேன். அளந்து பார்த்துவிட்டு, "கை இன்னும் வளருது அக்கா, அடுத்த வருஷம் வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதுவரை அரங்கத்துப் பந்துதான். அலமாரியில் இருக்கிற எட்டு பவுண்டுப் பந்துகளில் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலை விட்டுச் சுழற்றிப் பார்த்து, அவளே ஒரு நீலப் பந்தைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறாள்.