புதிய கன்வெர்ட்டர் என்று என் பழைய கூட்டையே மாட்டிக் கொடுத்தார்கள்

புகைப் பரிசோதனையில் தோற்ற பழைய பெட்ரோல் காரை ஒர்க்‌ஷாப்பில் விடும் முன் இதைப் படித்துவிடுங்கள். 18,500 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன்.

சென்னையில் அப்பா வாங்கிய 2007ஆம் ஆண்டு கார் அது. சான்றிதழைப் புதுப்பிக்கப் போனபோது கார்பன் மோனாக்சைடு 1.9 சதவீதம் என்று காட்டியது. பாரத் ஸ்டேஜ் 3 என்ற அரசின் புகை விதிப்படி வந்த வண்டிக்கு வரம்பு 0.5 தான். சான்றிதழ் இல்லாமல் பிடிபட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம். பதறிப்போய் வீட்டுக்கு அருகிலிருந்த ஒர்க்‌ஷாப்பில் விட்டேன்.

அங்கிருந்தவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போய்விட்டது சார், புதிது போட வேண்டும்" என்றார். எஞ்சின் புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் பாகம் அது. மறுநாள் மாலை வண்டியோடு புகைச் சான்றிதழையும் சேர்த்தே நீட்டினார். எங்கே பரிசோதித்தீர்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. சைலன்சர் ஓசை கரகரத்தது. "புதிதல்லவா சார், ஓட ஓடச் சரியாகிவிடும்" என்றார்.

ஆறு மாதம் கழித்து வேறு மையத்தில் கொடுத்தேன். 2.1 சதவீதம்!

இந்த முறை நண்பர் சொன்ன ஒரு பெரியவரிடம் போனேன். முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினார். நான்கின் முனையிலும் சிம்னி விளக்குக் கரிபோலப் படிந்திருந்தது. "தம்பி, பெட்ரோல் தேவைக்கு மேல் போகிறது. கார்பன் மோனாக்சைடு ஏறினால் முதலில் பார்க்க வேண்டியது ஏர் ஃபில்டரையும் ஆக்சிஜன் சென்சாரையும்தான்" என்றார். காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினார். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்க வேண்டிய சென்சார் 0.1லேயே நின்றது. பெட்ரோல் குறைவு என்று அது ஓயாமல் பொய் சொல்ல, கணினி மேலும் மேலும் பெட்ரோலை ஊற்றியிருக்கிறது.

2,600 ரூபாயில் சென்சாரை மாற்றியதும் அளவு 0.8க்கு இறங்கியது. ஆனால் அதற்குக் கீழே இறங்கவில்லை. அவர் வண்டிக்கு அடியில் படுத்து, கன்வெர்ட்டரை ஸ்பேனரால் தட்டினார். காலி டப்பாவைத் தட்டியதுபோல் கணீரென்றது. கழற்றி என் கையில் கொடுத்தார். ஒரு வாய் வழியாகப் பார்த்தால் மறுவாயில் தரை தெரிந்தது. தேன்கூடுபோல் நுண்துளைகள் கொண்ட பீங்கான் கட்டி உள்ளே இருந்திருக்க வேண்டும். அதன்மேல் பூசியிருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவற்றுக்காகப் பழைய கட்டிக்கே நல்ல விலை கிடைக்கிறதாம்.

என் வயிற்றைக் கலக்கியது இன்னொன்று. கன்வெர்ட்டர் கூட்டின் அடியில் ஒரு பள்ளம் இருந்தது. வேகத்தடையில் நானே இடித்தது. பத்து ஆண்டுத் துருவுக்கு நடுவே புத்தம் புதிய வெல்டிங் தடம். புதிய பாகம் எதுவுமே வரவில்லை! என் கூட்டையே அறுத்து, உள்ளிருந்ததை உருவிக்கொண்டு, மறுபடி ஒட்டி, அதற்கும் என்னிடமே பணம் வாங்கியிருக்கிறார்கள்.

கன்வெர்ட்டரைக் கழற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பில்லில் பாகத்தின் எண் இருக்க வேண்டும். என் பில்லில் இருந்தது "சைலன்சர் வேலை" என்ற ஒரே வரி. பரிசோதனைக் குழாய் உங்கள் கண்முன் சைலன்சருக்குள் போகட்டும். அதற்கு முன் எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டிவிடுங்கள், ஆறிய கன்வெர்ட்டர் வேலை செய்யாது.

உண்மையான கன்வெர்ட்டர் மாட்டிய பிறகு 0.1 சதவீதம் வந்தது. அந்த வெற்றுக் கூட்டைப் பில்லோடு பத்திரமாக வைத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கப் போகிறேன்.