பெற்றோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்தால், வீட்டுக்கு உடனே வில்லங்கம் போட்டுப் பாருங்கள்

கோவைப் புறநகரில் ஒரு தனியார் பராமரிப்பு இல்லத்தில் அப்பாவைச் சேர்த்திருந்தோம். பக்கவாதத்தில் வலது கை கால் விழுந்துவிட்டது, பேச்சு குழறும். நினைவு மட்டும் தெளிவு. முன்பணம் 3 லட்சம், மாதம் 38 ஆயிரம். மருத்துவக் காப்பீடு ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால்தான் கைகொடுக்கும், இதுபோன்ற நீண்ட நாள் பராமரிப்புக்கு எல்லாமே கைக்காசு. அதனால்தான் அப்பாவின் பொள்ளாச்சி வீடும் பென்ஷனும் எங்களுக்கு அவ்வளவு முக்கியம்.

அங்கே வேலை பார்த்த நர்ஸ் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணா, வீட்டை விக்கிறீங்களா? அப்பாவுக்கு உயிர்வாழ் சான்று வேணும்னு ஆபீஸ்ல டாக்டரைக் கேட்டுட்டு இருந்தாங்க" என்றார். பென்ஷனுக்கான சான்றை நாங்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். இது வேறு. பவர் (சொத்து உரிமையாளருக்குப் பதிலாகச் செயல்படும் அதிகாரம்) வாங்கியவர் சொத்தை விற்கப் போகும்போது, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று டாக்டரிடம் வாங்கிப் பத்திர ஆபீஸில் காட்ட வேண்டிய சான்று.

அன்று இரவே பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம், அதாவது வீட்டின் மேல் என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்ற விவரம், பார்த்தோம். இதற்குக் காசு கிடையாது. கடைசிப் பதிவு, பொது அதிகார ஆவணம், அதாவது பவர் பத்திரம். எழுதிக் கொடுத்தவர் அப்பா. வாங்கியவர், இல்லத்து மேலாளர் "எங்க லீகல் ஆள்" என்று ஒருமுறை எங்களுக்கு அறிமுகப்படுத்திய மனிதர்!

அப்பாவிடம் கேட்டால், "இன்சூரன்ஸ் பணம் வரும்னு வண்டியில கூட்டிட்டுப் போனாங்க, போட்டோ எடுத்தாங்க, ரேகை வச்சாங்க" என்கிறார். இல்லத்தின் பதிவேட்டில் அன்றைய தேதிக்கு எதிரே 'ஸ்கேன்' என்று எழுதியிருந்தார்கள். ஒரு கை விழுந்த மனிதரை ஸ்கேனுக்கு என்று எழுதிவைத்துவிட்டுப் பத்திர ஆபீஸுக்குக் கொண்டுபோக எப்படி மனசு வந்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

நல்லவேளை, விற்பனை நடக்கவில்லை. அப்பாவே பவரை ரத்து செய்தார். நடக்க முடியாதவர்களுக்கு மனு கொடுத்தால் சார்பதிவாளர் இருக்கும் இடத்துக்கே வந்து பதிவு செய்யச் சட்டத்தில் இடமுண்டு. ரத்துப் பத்திரம் பதிவானதோடு விட்டுவிடாதீர்கள். பவர் வாங்கியவருக்குக் கிடைத்ததற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்ட் அனுப்பி, ரத்தான விஷயத்தைத் தெரியப்படுத்துங்கள். போலீஸில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதும் வாங்கி வைத்திருக்கிறோம்.

இன்னொன்று. மருந்து வாங்க என்று அப்பாவின் ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கொடுக்கவே கொடுக்காதீர்கள். கையெழுத்துப் போட முடியாதவர், வங்கிக்கு வர முடியாதவர் என்றால் ரேகை வைத்தே பணம் எடுக்கலாம். இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். ரிசர்வ் வங்கியே இதற்கு வழி சொல்லியிருக்கிறது.

"பேசாமல் வீட்டைப் பிள்ளை பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிவிடுங்கள்" என்று, அதாவது உயிரோடு இருக்கும்போதே காசு வாங்காமல் வீட்டை எழுதிக் கொடுத்துவிடச் சொல்லி, சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். அப்பாவுக்கு அதில் விருப்பமில்லை, எனக்கும்தான். எழுதுவதாக இருந்தால், கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்த்துவிடுங்கள். 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் 23ஆவது பிரிவின்படி, பார்த்துக்கொள்ளாவிட்டால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு போட்டு அந்தப் பத்திரத்தை ரத்து செய்யலாம். நிபந்தனை இருந்தாக வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு வந்த தீர்ப்புகள் கொஞ்சம் தாராளமாகப் பார்த்தாலும், பத்திரத்தில் எழுத்தாக இருந்தால் வாதாடவே வேண்டியதில்லை.

அப்பாவை வேறு இல்லத்துக்கு மாற்றிவிட்டோம். பழைய இடத்தில் 3 லட்சத்தைக் கேட்டால், 'பராமரிப்புச் செலவு', 'முன்னறிவிப்பு இல்லை' என்று கழித்து ஒன்றுமே பாக்கியில்லை என்கிறார்கள். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ரசீது, ஒப்பந்த நகல், அந்தப் பதிவேட்டுப் பக்கத்தின் போட்டோ எல்லாவற்றையும் இணைத்திருக்கிறோம்.