களிமண்ணில் இறங்கும் சமுராய்க்கு எந்தக் கிளச் பொருந்தும்?

வன்னியின் உட்பாதைகளில் ஓடும் சுசுகி சமுராய் ஜீப்புக்குக் கிளச் மாற்ற வேண்டி வந்தால், "நல்லாப் பிடிக்கிற பிளேட்டாப் போடுங்கோ" என்றுதான் கராஜில் அனேகர் கேட்கிறார்கள். அந்தப் பிடியை இரண்டு வழிகளில் கூட்டலாம். ஒன்று, கிளச் பிளேட்டை எஞ்சினோடு சுழலும் பிளைவீலோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் அழுத்தத்தைக் கூட்டுவது; மற்றது, உராய்வு கூடிய பொருள் பதித்த கிளச் பிளேட்டைப் போடுவது. எதைக் கூட்டினாலும் அதன் சுமை வேறோர் உறுப்பின் தலையில்தான் விழும்.

1,324 சி.சி. கொண்ட அந்த எஞ்சினின் முறுக்குவிசை ஏறத்தாழ 100 நியூட்டன் மீற்றர் மட்டுமே என்பதால், கம்பனி போட்டு அனுப்பும் வகையைச் சேர்ந்த சாதாரண லைனிங் (ரிவிட் அடித்துப் பொருத்திய உராய்வுப் பட்டை) பிளேட்டே அதற்குத் தாராளமாகப் போதும். அது மெதுவாகப் பிடிக்கும். வயல்வரம்பு ஓரத்தில் அங்குலம் அங்குலமாக நகர்த்தவும் இடம் கொடுக்கும். சூடுதான் அதற்கு ஆகாது. கடந்த மாரியில் முத்தையன்கட்டுப் பக்கம் களியில் புதைந்த எனது வண்டியை, லோ கியர் போடப் பஞ்சிப்பட்டு, பாதிக் கிளச்சிலேயே முன்னும் பின்னும் ஆட்டி வெளியே எடுத்தேன். கருகிய நாற்றம் இரண்டு நாள் போகவில்லை. கழற்றிப் பார்த்தபோது லைனிங் ரிவிட் தலைவரை தேய்ந்திருந்தது; பிளைவீலில் ரிவிட் கீறிய வளையக் கோடுகளும், பிரஷர் பிளேட்டின் முகத்தில் நீலத் திட்டுகளும் தெரிந்தன. பிழை பிளேட்டில் அல்ல, என் காலில்தான்.

கியர்ப் பெட்டியின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்தனுப்பும் ட்ரான்ஸ்ஃபர் பெட்டியின் விகிதம் சமுராயில், சாதாரண ஓட்டத்துக்கான ஹையில் 1.409, மெதுவாக இழுப்பதற்கான லோவில் 2.268. அதே முதலாம் கியரில் லோவுக்கு மாற்றினாலே சக்கரத்துக்குப் போகும் இழுவை ஏறத்தாழ 60 சதவீதம் கூடிவிடுவதால், கிளச் வழுக்கிச் சூடேறும் நேரம் வெகுவாகக் குறைகிறது. மாறாக, சுமார் 26 அங்குல ரயரைக் கழற்றி 31 அங்குலம் பூட்டியவர்கள் இழுவையில் ஆறில் ஒரு பங்கை இழந்துவிட்டு, பிளேட் சரியில்லை என்று குறைப்படுகிறார்கள். அவர்கள் காசைச் செலவழிக்க வேண்டியது ட்ரான்ஸ்ஃபர் பெட்டிக்கான இறக்கு விகிதக் கியர்களுக்கே.

அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட்டை எடுத்துக்கொண்டால், பாரம் ஏற்றி இழுப்பவருக்கு அது நிச்சயம் உதவும். ஆனால் சமுராயின் கிளச் கேபிளால் இயங்குவது. மிதி கனத்துப் போவதோடு கேபிளும், மிதிக்கும்போது கிளச்சை விடுவிக்கும் ரிலீஸ் பெயாரிங்கும் விரைவில் களைத்துவிடும். செரமிக் திட்டுகள் பதித்த பிளேட்டோ, பழைய பிரஷர் பிளேட்டோடு போட்டால் மிதியைக் கனக்கச் செய்யாது, சூட்டையும் நன்றாகத் தாங்கும். இருந்தும் அதைக் களிக்கு நான் விரும்பமாட்டேன். விட்டால் விட்டது, பிடித்தால் பிடித்தது என்ற அதன் குணத்தால் சக்கரம் திடீரெனச் சுழன்று குழியைத் தானே ஆழமாக்கும். ஒவ்வொரு குலுக்கலும் கியர்ப் பெட்டிக்கும் புரப்பெலர் ஷாஃப்டின் குறுக்கு மூட்டுகளுக்கும் போய்ச் சேரும். பிளைவீலும் சீக்கிரம் தேயும்.

கெவ்லார் என்ற வலிய செயற்கை இழை சேர்ந்த பிளேட் இவற்றுக்கு நடுவே நிற்பது. மென்மையாகப் பிடிக்கும், நீண்டகாலம் உழைக்கும், பிளைவீலையும் வருத்தாது. என்றாலும் முதல் சில நூறு கிலோமீற்றர்கள் சூடேறாமல் பதமாக ஓட்டிப் பழக்க வேண்டும். காலபோக அறுவடை முடிந்து பாதைகள் காய்ந்திருக்கும் பங்குனியில் மாற்றி, ஏ9 வீதியில் ஓட்டிப் பழக்கக்கூடியவருக்கு அது நல்ல தெரிவு. மாரி நடுவே வண்டி நின்றுபோனவருக்கு அந்தப் பொறுமை எங்கே கிடைக்கும்?

நான் சாதாரண லைனிங் செட்டையே மீண்டும் போட்டேன். பிளைவீலை லேத்தில் கொடுத்து முகம் சீராக்கி, எஞ்சினின் கிராங்க் தண்டின் பின்புற ஒயில் சீலையும் மாற்றினேன். அங்கே ஒழுகும் ஒயில் எந்த விலையுயர்ந்த பிளேட்டையும் வழுக்கச் செய்துவிடும். குளத்துத் தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டியை இப்போதெல்லாம் அப்படியே கொட்டிலில் விடுவதில்லை. கிளச்சைப் பலமுறை மிதித்து விட்டு, சிறிது தூரம் ஓட்டிக் காயவைத்தே நிறுத்துகிறேன். ஈரத்தோடு நாட்கணக்கில் நின்றால் பிளேட் துருப்பிடித்துப் பிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும்.