1968 பான்டியாக் ஜிடிஓ: இன்ஜினைப் பிரித்துக் கட்டி நான்கு ஆண்டுகள்

சென்ற வாரம் நண்பர் ஒருவர் அழைத்தார். ஒஹையோவில் ஒரு கொட்டகைக்குள் கிடந்த 1968 பான்டியாக் ஜிடிஓ காரை வாங்கிவிட்டாராம். இன்ஜின் இறுகிப்போய்ச் சுற்ற மறுக்கிறதாம். "உங்கள் ஜிடிஓவில் நீங்கள் கட்டிய 400 இன்ஜின் எப்படி ஓடுகிறது? நானும் பிரித்துவிடலாமா?" என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து நான் கராஜில் முழங்காலிட்டு, காருக்கு அடியில் விரித்திருந்த அட்டையில் புதிதாக விழுந்த எண்ணெய்த் துளியைச் சுற்றி வட்டம் போட்டுத் தேதி எழுதிக்கொண்டிருந்தேன். ஆகவே அவருக்குக் கிடைத்த பதில் காட்டமானது. இது நிதானமான பதில், என்னால் முடிந்தவரை.

400 கன அங்குலம், 350 குதிரைத்திறன் என்பதெல்லாம் இந்தக் காரைத் தேடி வருகிறவர்களுக்குத் தெரிந்ததே. நான் செய்ததை மட்டும் சொல்கிறேன். சிலிண்டர்களை 0.030 அங்குலம் குடைந்து அகலமாக்கியதில் கொள்ளளவு 406 ஆனது. அன்றைய 10.75 அழுத்த விகிதம் இன்றைய 93 ஆக்டேன் பெட்ரோலுக்கு ஒத்துவராது. ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கூழாங்கற்களை டப்பாவில் போட்டுக் குலுக்கியதுபோல் நாக்கிங், அதாவது கலவை கட்டுப்பாடின்றி வெடிக்கும் சத்தம், கேட்கும். குழிவான பிஸ்டன்களைப் போட்டு விகிதத்தை 9.4க்கு இறக்கினேன். பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் வார்ப்பு ராடுகளைத் தூக்கிவிட்டு ஃபோர்ஜ் செய்த ராடுகள். வால்வுகளை இயக்கும் புதிய கேம் ஷாஃப்ட், அதன்மேல் உட்காரும் புதிய லிஃப்டர்கள். லிஃப்டர் பழைய தட்டை வகை என்பதால், முதல்முறை உயிர் கொடுத்ததும் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் மெதுவாகச் சுற்ற, விடக்கூடாது. நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேலேயே 20 நிமிடம் ஓட்டியாக வேண்டும், எண்ணெயில் துத்தநாகமும் போதுமான அளவு இருக்க வேண்டும். அந்த 20 நிமிடமும் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அப்பாலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கேம் பிழைத்தது. அந்த நட்பு அவ்வளவு நலமாக இல்லை.

இனி அட்டைக்கு வருகிறேன்.

கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில், கடைசி மெயின் பேரிங்கை ஒட்டி எண்ணெய் வெளியேறாமல் தடுக்க ஒரு சீல் இருக்கிறது. அக்காலத்து இன்ஜின்கள் பலவற்றில் அது வெறும் கயிறு. கல்நாரும் கிராஃபைட்டும் சேர்த்துத் திரித்த கயிற்றை இரண்டாக நறுக்கி, ஒரு பாதியை பிளாக்கிலும் மறு பாதியை கிராங்கைக் கீழிருந்து பிடிக்கும் மெயின் கேப்பிலும் பள்ளத்துக்குள் அழுத்தி வைப்பார்கள். பாற்கடலைக் கடைந்தது வாசுகி என்ற கயிறு என்றால் என் நான்கு ஆண்டுகளைக் கடைந்தது இந்தக் கயிறு.

'கயிறெல்லாம் தாத்தா காலத்துச் சங்கதி' என்று முதல்முறை உதடு வைத்த ரப்பர் சீலைப் போட்டேன். 400 மைலில் ஒழுக ஆரம்பித்தது. சீல் உட்காரும் இடத்தில் கிராங்கின் மேல் மெல்லிய சாய்வரிகள் இருக்கின்றன. எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புவதற்காகக் கயிற்றை மனத்தில் வைத்துப் போட்டவை. கயிற்றுக்கு அவை துணை. ரப்பர் உதட்டுக்கோ தேங்காய்த் துருவி. நான் போன மெஷின் ஷாப்பில் கிராங்கைப் பாலிஷ் செய்துவிட்டதாகச் சொன்னார்கள். பேரிங் உட்காரும் இடங்களை மட்டுமே செய்திருந்தார்கள், சீல் இடத்தைத் தொடவே இல்லை. அவர்கள் மேல் கோபம் வந்தது உண்மை. ஆனால் அந்த இடத்தையும் பார்க்கச் சொல்லி நான் கேட்கவில்லை என்பதும் உண்மைதான்.

இரண்டாம் முறை, இன்ஜினை வெளியே எடுக்காமலே சமாளிக்கலாம் என்று பேராசைப்பட்டேன். மவுன்ட்டுகளைக் கழற்றி, இன்ஜினைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தி, ஆயில் பானை இறக்கினேன். கீழ்ப்பாதி எளிதாக வந்தது. மேல்பாதி கிராங்குக்கு மேலே பிளாக்குக்குள் இருக்கிறது. கம்பியில் கட்டிப் புதுக் கயிற்றைச் சுற்றி இழுத்தேன். பாதி வழியில் நின்றுவிட்டது. மல்லாந்து படுத்திருக்கும் ஒருவரின் முகத்தில் பழைய எண்ணெய் சொட்டும்போது அவர் வாயில் என்ன வரும் என்பதை இங்கே எழுத முடியாது.

மூன்றாம் முறை, மிச்சிகன் சாலைகளில் பனியை உருக்க உப்பு கொட்டத் தொடங்கியதும் காரை நிறுத்திவிட்டு இன்ஜினையும் கிராங்கையும் வெளியே எடுத்தேன். கயிற்றைப் பள்ளத்தில் வைத்து உருண்டைக் கம்பியால் பொறுமையாக உருட்டி அழுத்தி, நுனிகளைப் புது பிளேடால் மட்டமாக நறுக்கினேன். கேப்புக்கும் பிளாக்குக்கும் நடுவே ஒரே ஓர் இழை சிக்கினாலும் கேப் முழுதாக உட்காராது, பேரிங் இடைவெளியும் கெட்டுவிடும். அந்த ஒரு வேலைக்கு முக்கால் நாள் ஆனது. அதன்பின் ஒழுக்கு நின்றது. சொட்டு நிற்கவில்லை. வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு. ஆயில் பான் கேஸ்கெட்டாக இருக்கக் கூடாதா என்ற நப்பாசையில் எண்ணெயில் ஒளிரும் சாயம் கலந்து புற ஊதா விளக்கை அடித்துப் பார்த்தேன். அதே இடம்தான் பச்சையாகச் சிரித்தது.

வாரம் ஒரு சொட்டுக்கு இவ்வளவு பேச்சா என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி கேட்டாயிற்று.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நான் சற்றும் எதிர்பாராத சுகம் ஒன்றரை அடி ரப்பர் குழாயில் கிடைத்தது. ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை டெட்ராய்ட் அருகே வுட்வர்ட் அவென்யூவில், 1995இலிருந்து நடக்கும் பழைய கார் ஊர்வலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தேன். வெப்பமானி ஏறிக்கொண்டே போனது. ஃபேனில் தொடங்கித் தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் குற்றவாளி டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்குவம் குழாய்! இன்ஜினின் உறிஞ்சலைக் கொண்டு பொறி விழும் நேரத்தை முன்தள்ளுவது அதுதான். கார்புரேட்டரில் த்ராட்டிலுக்கு மேலே உள்ள துளையில் அது செருகியிருந்தது; ஐடிலில் அங்கே உறிஞ்சல் இருக்காது. அதைப் பிடுங்கி நேராக மேனிஃபோல்டில் செருகினேன். ஐடிலில் சிலிண்டருக்குள் போகும் கலவை குறைவு. கழிவு வாயுவும் அதில் கலந்திருப்பதால் மெதுவாகத்தான் எரியும். பொறி முன்கூட்டியே விழுந்தால்தான் சரியான நேரத்தில் எரிந்து முடியும். இல்லையென்றால் நெருப்பு எக்ஸாஸ்ட் பக்கம் போய்ச் சூட்டைக் கிளப்பும்.

பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி முன்பு பொறி விழுகிறது என்பதுதான் டைமிங். அடிப்படை டைமிங் 12 டிகிரி, வாக்குவம் தருவது 12, ஆக ஐடிலில் 24. சுற்று ஏற ஏறக் கூடும் மெக்கானிக்கல் அட்வான்ஸுடன் சேர்த்து, வாக்குவம் இல்லாமல், 34இல் நிறுத்தியிருக்கிறேன். ஒன்றைக் கவனியுங்கள்: ஐடிலில் உங்கள் இன்ஜின் தரும் வாக்குவத்தைவிட இரண்டு அங்குலமாவது (பாதரச அளவில்) குறைவிலேயே முழுதாக இழுத்துக்கொள்ளும் கேனிஸ்டரை, அதாவது குழாயின் மறுமுனையில் டிஸ்ட்ரிபியூட்டரோடு இருக்கும் டப்பாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் டைமிங் ஊசலாடும். குழாயை மாற்றியதும் சுற்று தானாக ஏறியது. ஐடில் திருகைத் திருப்பி த்ராட்டிலை மூடினேன். சாவியை எடுத்த பிறகும் இருமிக்கொண்டே ஓடும் வியாதி அன்றோடு தீர்ந்தது. அடுத்த ஆகஸ்டில் ஃபெர்ன்டேலிலிருந்து பான்டியாக் ஊர் வரை ஊர்ந்தபோது முள் 190 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டவே இல்லை. செலவு ஒரு காசும் இல்லை. ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கிய பாகங்களில் எதுவும் எனக்கு இந்த மகிழ்ச்சியைத் தரவில்லை.

நான்கு வாய்கள் கொண்ட குவாட்ராஜெட் கார்புரேட்டரைப் பற்றியும் ஒரு சொல். பலர் அதைத் தூக்கி எறியச் சொல்வார்கள். எறியாதீர்கள். முன்னிரண்டு வாய்கள் சிறியவை, மெல்ல ஓட்டும்போது சிக்கனம். பின்னிரண்டும் திறக்கும்போது எழும் முனகல் சத்தத்துக்காகவே நான் தேவையில்லாத இடத்திலெல்லாம் முந்தியிருக்கிறேன். பின்வாய்களின் மேல் தட்டின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மட்டும் ஒரு கணம் மூச்சு முட்டும். எனக்கு முக்கால் சுற்று இறுக்கத்தில் சரியானது.

ஆக, நண்பருக்கு என் தீர்ப்பு: பிரிக்காதீர்கள். ஸ்பார்க் பிளக் துளைகளில் எண்ணெய் விட்டு ஒரு வாரம் ஊறவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் அப்படியே ஓட்டப் பாருங்கள். சுற்றாவிட்டால் வேறொருவர் கட்டி முடித்த இன்ஜினை வாங்குங்கள். 326 முதல் 455 கன அங்குலம் வரை பான்டியாக் பிளாக்குகள் வெளியே ஒரே அளவுதான். எது வேண்டுமானாலும் உட்காரும். அதனாலேயே 350ஐ 400 என்று தலையில் கட்டிவிடுவார்கள். காசு கொடுக்கும் முன் பிளாக்கின் முன்முகத்தில் பொறித்த இரண்டெழுத்துக் குறியைப் பாருங்கள்.

தொலைபேசியில் கோபத்தோடு கோபமாக, "இவ்வளவு ஆசை என்றால் என் காரையே எடுத்துக்கொள்ளுங்கள்" என்றும் சொல்லியிருந்தேன். மறுநாள் காலை விலை கேட்டுச் செய்தி அனுப்பியிருந்தார். ஆறு நாளாகிறது, அதற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.